விளக்கெண்ணெயில் ஓடிய பந்தயக் கார்கள்

விளக்கெண்ணெய் என்றதும், இளமையில் மூக்கைப் பிடித்து அதனை நம் வாயில் ஊற்றிய பாட்டியரே நினைவுக்கு வருவர். பந்தயக் கார்களின் எஞ்சின்களும் ஒரு காலத்தில் அதனாலேயே உராய்வு தணிந்து ஓடின என்பதை நம்மிற் பலர் அறியோம். 1909-இல் இங்கிலாந்தில் சார்லஸ் வேக்பீல்டின் நிறுவனம் உருவாக்கிய எண்ணெய், ஆமணக்கைக் குறிக்கும் 'காஸ்டர்' என்ற சொல்லிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பெயர் பெற்றது. கடுஞ்சூட்டிலும் ஆமணக்கெண்ணெய் உலோகத்தை விட்டு அகலாது. ஆனால் விரைவில் பிசினாகிவிடும். ஆகவே அடிக்கடி வடித்து மாற்ற வேண்டியிருந்தது.

எவ்வெண்ணெயாயினும் அதில் சேரும் கரியும் உலோகத் துகளும் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு 'டி' மாடலிலோ எண்ணெய் வடிகட்டியே கிடையாது. 1923-இல் அமெரிக்கரான எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு 'பியூரோலேட்டர்' வடிகட்டியை அமைத்தார். மறு ஆண்டே, மணிக்கு 70 மைல் வேகத்தை எட்டிய கிரைஸ்லர் கார் எண்ணெய் வடிகட்டியுடன் வெளிவந்தது.

1950களில் திருகிப் பொருத்தும் வடிகட்டி வந்த பின்னரே இப்பணி வீட்டு வாசலுக்கும் எளிதாயிற்று. பழைய எண்ணெயை வடித்து, புதிய வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கலாம். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் முதலில் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். இருந்துவிட்டால், ஊற்றிய எண்ணெய் முழுதும் தரைக்கே போய்ச் சேரும்.