குளோவரும் சூப்பர் பாஸ்பேட்டும்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதி மண் மிகப் பழையது. காலங்காலமாக மழையில் கரைந்தும் அரித்தும் போன அந்த மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், சொற்பமாகவே எஞ்சியிருந்தது. அங்கேயே தோன்றிய மரம் செடிகளுக்கு அது போதும். குடியேறிகள் கொண்டுவந்த கோதுமைக்குப் போதவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் விளைச்சல் சரிந்தது. பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842இல் காப்புரிமை பெற்றிருந்தார். அந்த சூப்பர் பாஸ்பேட்டை ரோஸ்வொர்தி வேளாண் கல்லூரியின் முதல்வர்கள் கஸ்டன்ஸும் லௌரியும் கோதுமை வயல்களில் இட்டுப் பயன் கண்டனர்.

மேய்ச்சல் நிலத்துக்கு உரம் வந்த கதை வேறு. 1889இல் மவுண்ட் பார்க்கர் பகுதி விவசாயி ஏமஸ் ஹோவர்ட், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்திருந்த குளோவர் என்னும் பயறுவகைச் செடியின் ஒரு வகையைக் கவனித்தார். நிலக்கடலையைப் போலவே இதுவும் பூத்தபின் காயை மண்ணுக்குள் புதைக்கும். குளிர்கால மழையில் வளரும், கோடையில் காய்ந்து மடியும், அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். வறண்ட கோடை கொண்ட நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தீவனச் செடி அரிது. ஹோவர்ட் செய்தித்தாள்களுக்கு எழுதியும் விதை விற்றும் அதைப் பரப்பினார். ஆனால் சூப்பர் பாஸ்பேட் இடாத நிலத்தில் அது குட்டையாகவே நின்றது.

காரணம் வேரில் இருக்கிறது. புல்லின் வேர்கள் மெலிந்து, நீண்டு, கிளைத்து மண்ணைத் துழாவும். குளோவரின் வேர் தடித்தது, வேர்த்தூவிகள் குட்டை. பாஸ்பரஸ் மண்ணில் நகராத சத்து என்பதால் வேர் எட்டிய இடத்தில் இருப்பதே செடிக்குக் கிடைக்கும். வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைச் சேர்ப்பதற்கும் இதே சத்து வேண்டும். உரம் குறைந்த நிலத்தில் புல் முந்திக்கொண்டு குளோவரை ஒடுக்குவது இதனால்தான்.

எவ்வளவு உரம் என்பதை மண்ணே முடிவு செய்தது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே ஆரம்ப ஆண்டுகளில் நிறைய இட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியக் கடலோர வெண்மணலிலோ இட்டது மழையோடு வடிந்துவிடும். அங்குள்ள பீல்-ஹார்வி கழிமுகத்தில் பாசி மண்டியதற்கு இப்படி வடிந்த உரமே முக்கியக் காரணம். அதைச் சீர்செய்ய 1994இல் டாஸ்வில் கால்வாய் வெட்டிக் கடல்நீரைப் புகவிட்டனர். இன்னும் சில இடங்களில் எவ்வளவு இட்டும் செடி எழவில்லை. அடிலெய்டுக்கு அருகே மெடோஸ் பகுதியில் அத்தகைய மண்ணுக்கு மாலிப்டினமே குறை என்று ஏ. ஜே. ஆண்டர்சன் 1942இல் காட்டினார். ஹெக்டேருக்குச் சில பத்து கிராம் போதுமானதாக இருந்தது.

இந்தப் பசுமைக்கு விலை கொடுத்தவர்கள் பசிபிக் தீவினர். நவ்ரூவிலும் பனாபாவிலும் உயர்ந்த தரப் பாஸ்பேட் பாறை இருப்பதை 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் கண்டறிந்தார். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசுகள் சேர்ந்து அமைத்த பாஸ்பேட் ஆணையம், சந்தையைவிட மலிவான விலைக்குப் பாறையைத் தங்கள் விவசாயிகளுக்குத் தந்தது. அந்த மலிவு தீவினரின் மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டது. 1945இல் பனாபா மக்கள் ஃபிஜியின் ராபி தீவில் குடியமர்த்தப்பட்டனர். நவ்ரூவின் பெரும்பகுதி, சுண்ணாம்புக் கூர்முனைகள் துருத்தி நிற்கும் பொட்டலாயிற்று. அதற்கு ஈடு கேட்டு நவ்ரூ 1989இல் சர்வதேச நீதிமன்றம் சென்றது; 1993இல் ஆஸ்திரேலியா இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் இத்தீவுகளைப் பிடித்ததும் உரத்துக்குப் பங்கீடு வந்தது. போர் முடிந்தபின் கம்பளி விலை உயர, சூப்பர் பாஸ்பேட் விமானத்திலிருந்தும் தூவப்பட்டது. 1963இல் அரசு மானியமும் சேர்ந்தது. 1974 இறுதியில் அது நிறுத்தப்பட்டபோதுதான் பல விவசாயிகள், ஆண்டுதோறும் இட்டுவந்த உரம் மண்ணில் சேர்ந்து இருப்பாக நிற்பதைக் கணக்கில் எடுக்கத் தொடங்கினர்.

பின்னர் மண் பரிசோதனை அளவுகோலாயிற்று. ஓல்சன் என்னும் பரிசோதனை முறையில் மண்ணில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸ் இருந்தால் குளோவர் மேய்ச்சல் ஏறக்குறைய முழு விளைச்சலை எட்டும். கோல்வெல் என்னும் மற்றொரு முறையில், மண் பாஸ்பரஸைப் பிடிக்கும் திறன் கூடக்கூடத் தேவையான அளவும் கூடும். நீண்ட வேரும் வேர்த்தூவியும் கொண்ட செரடெல்லா என்னும் தீவனப் பயறு குளோவரைவிடக் குறைந்த பாஸ்பரஸில் வளர்வதால், அமில மணல் நிலங்களில் இன்று அதையும் விதைக்கிறார்கள்.