சோழமண்டலக் கரையும் சேலத்து மலைநாடும்

சேர்வராயன் மலையிற் பிறந்து சேலம் நகரூடு செல்லும் திருமணிமுத்தாறு, காவிரியிற் கலந்து, கொள்ளிடத்தின் வழியாய்ப் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே கடலடைகின்றது. ஆத்தூரைக் கடந்து கிழக்கே ஓடும் வசிஷ்டநதியோ, சுவேதநதியுடன் கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெற்று, அப்பரங்கிப்பேட்டையிலேயே கடலுட் புகுகின்றது. கடலைக் காணாமலே ஆயுளைக் கழிப்போர் பலரையுடைய அடிவாரத்திலிருந்து ஒரு துறைமுகத்தின் சரித்திரத்தை நாம் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இதுவே: நீர் சென்ற திசையிலேயே நம் ஊர்ச் சரக்கும் சென்றது.

அக்கரையின் பழமை பெரிது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் வீலர் துரை அகழ்ந்தபோது, ரோம நாட்டு மட்கலங்கள் வெளிப்பட்டன. சோழமண்டலம் என்ற பெயரே ஐரோப்பியர் நாவிற் கோரமண்டல் எனத் திரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகேசியர் வெள்ளாற்று முகத்திற் குடியேறினர். பரங்கியர் பேட்டையாதலின் பரங்கிப்பேட்டை. மகமூது பந்தர் என்பதும் அவ்வூரின் மற்றொரு பெயர். அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அங்கே பண்டசாலை வைத்தனர். 1690இல் ஆங்கிலேயர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடம் விலைக்கு வாங்கினர். 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதர் அலி, கூட் என்னும் தளபதியிடம் தோல்வியுற்றார்.

சரித்திர நூல்கள் இக்கொடிகளையும் பீரங்கிகளையும் விரிவாகவே கூறும். இத்தனை பேரும் எதனை நாடி வந்தனர் என்னுமிடத்தில் அவை ஓரிரு வரியோடு நின்றுவிடும். அவர்கள் நாடியது துணி. கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் கொள்வதற்கு நம் கரையின் துணியே சிறந்த மாற்றுப்பண்டமாயிருந்தது. அத்துணியோ கரையில் மட்டும் விளைந்ததன்று. உள்நாட்டுத் தறிகளிலிருந்தும் பொதிமாட்டின் முதுகிற் கரைக்குச் சென்றது.

விஜயநகர அரசர் காலத்தே கைக்கோளர் தண்டு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றமையைக் கல்வெட்டுக்கள் கூறும். நம் கூட்டங்களில் இப்பெருமை பலகாலும் எடுத்தோதப்படுகின்றது. அதன்பின் வந்த கடனை ஓதுவாரைக் காணோம். கும்பினியார் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தனர். வாங்கியவன் அது தீருமளவும் பிறர்க்குத் துணி விற்றலாகாது. தரங்குறைந்ததென்று தள்ளிய துணியின் நஷ்டம் நெய்தவன் தலையிலேயே விழுந்தது. 1792இல் திப்பு சுல்தான் செய்த உடன்படிக்கையாற் சேலம் கும்பினியார் கைப்பட்டபின், வாங்குவோரும் அவர்களே, ஆள்வோரும் அவர்களே ஆயினர். தறிக்கு மோதர்பா என்னும் வரி வேறு. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கும்பினியாரின் வாணிகம் முடிவுற்றது; ஆலைத் துணியோ இங்கிலாந்திலிருந்து வந்து குவிந்தது. முன்பணம் என்னும் தளை அறுந்தது மெய்யே. ஆயின் அதனுடன் பிழைப்பும் அறுந்தது.

துணி தளர்ந்த அக்காலத்திலேயே நம் மலைநாட்டிலிருந்து மற்றொரு சரக்கு கரைநோக்கிச் சென்றது. கும்பினி உத்தியோகத்தை விட்ட ஹீத் துரை 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்குசாலை நிறுவினார். அதற்கு வேண்டிய காந்தக்கல் சேலத்துக் கஞ்சமலையது. வண்டியிலும் பரிசலிலும் கல் சென்றது. உலைக்கு வேண்டிய கரிக்காகக் காடுகள் வெட்டுண்டன. சிற்றுலையில் நம் கொல்லர் உருக்கிய எஃகின் உயர்வை இங்கிலாந்தின் பாரடே என்னும் விஞ்ஞானியே ஆராய்ந்திருந்தனர். பேருலைக்கு அவ்வுயர்வு மட்டும் போதவில்லை. காடு அருகக் கரியின் விலை ஏறிற்று. நிலக்கரியால் உருக்கிய ஆங்கில இரும்பு மலிவாய் வந்தது. ஹீத் 1839இல் எஃகிற்கு மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றும் பெரும்பயன் துய்க்காமல் 1851இல் இறந்தார். 1860களில் உலைகள் அவிந்தன.

அதே காலத்தில், 1861இல், சென்னையிலிருந்து சேலத்துக்கு இருப்புப்பாதை வந்தது. அதன்பின் நம் பொதிகள் வெள்ளாற்று முகத்தை நாடவில்லை, சென்னைக்குச் சென்றன. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, மணல்மேடிட்ட ஆற்றுமுகம் அவற்றுக்கு உதவாதாயிற்று. இன்று பரங்கிப்பேட்டை மீன்பிடிக்கும் ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி அங்கே நடைபெறுகின்றது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கிற்று.

கஞ்சமலை அடிவாரத்திலோ 1981-82 முதல் அரசாங்க இரும்பாலை நடந்து வருகின்றது. துருப்பிடியா எஃகுத் தகடு செய்யும் அவ்வாலை கஞ்சமலைக் கல்லை உருக்குவதில்லை.