கத்தரிப்பூ நிற மையும் ஒரு காலாண்டுத் தேர்வுத் தாளும்

  மழைக்காலம் வந்தால் என் முழங்காலுக்குத்தான் முதலில் தெரிகிறது. வெளியே போக முடியாததால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போலப் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை மகன் லண்டனிலிருந்து வந்தபோது இரண்டு மை பாட்டில் கொண்டுவந்தான். பெரியம்மா இன்னும் மைப்பேனாவில்தான் எழுதுகிறாள் என்று அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. விலையைக் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். இரண்டும் ஊதா, நம் ஊர்ப் பேச்சில் கத்தரிப்பூ கலர். ஒன்று பிரான்ஸ் நாட்டு எர்பான் கம்பெனியின் ‘அமெதிஸ்ட் த லூரால்’. இன்னொன்று இங்கிலாந்தில் 1864இல் தொடங்கிய டயமின் கம்பெனியின் ‘பர்ப்பிள் பசாஸ்’. முதலாவதில் வெள்ளித் தூள் மிதக்கிறது, இரண்டாவதில் தங்கத் தூள். வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவற்றை மெல்லியதாகப் பூசிய மைக்காத் தூள். நாம் சிறுவயதில் பாறை இடுக்கில் பொறுக்கிய காக்காப்பொன் என்று சொன்னால் எளிதாகப் புரியும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். பாரிமுனை ஜெம் அண்ட் கோவில் என்றோ வாங்கிய என் கூர்நிப்புப் பேனாவில் தூள் சரியாக இறங்கவே இல்லை, வெறும் ஊதாதான் வந்தது. பட்டை நிப்பு மாட்டிய பேனாவில் வெள்ளி மை நிலா வெளிச்சத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. தங்க மை கல்யாணப் பத்திரிகை மாதிரி. எனக்குப் பிடித்தது வெள்ளிதான். தங்கம் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. இரண்டிலும் ஒரு தொல்லை: தூள் அடியில் தங்கிவிடும், பேனாவை வாரா வாரம் கழுவ வேண்டும். சாதாரண நோட்டுத் தாள் மையைக் குடித்துவிடும். வழவழப்பான காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினால்தான் முழு அழகும் தெரிகிறது.

தூள் போடாத ஊதா மைக்கும் ஒரு மினுமினுப்பு உண்டு. அடர்த்தியாகக் கரைத்து எழுதிக் காயவிட்டு, தாளைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்தின் மேல் பொன்வண்டு முதுகு மாதிரி பச்சையும் பொன்னும் கலந்த ஒளி ஓடும். சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே படிவதால் வருவது அது. அந்த ஒளியை நான் 1986இலேயே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் சரித்திரம்.

இந்த ஊதாவுக்கும் நம் ஊர்க் கொசுவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. மலேரியாவுக்கு அப்போது ஒரே மருந்து தென்னமெரிக்க சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் குயினைன். இந்தியாவை ஆண்ட வெள்ளையர்களுக்கு அது மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. அதைச் செயற்கையாகச் செய்துவிட முடியுமா என்று 1856 ஈஸ்டர் விடுமுறையில், லண்டனில் தன் வீட்டிலேயே வைத்திருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் முயன்றான் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன். குயினைன் வரவில்லை. அடியில் கறுப்புக் கசடுதான் மிஞ்சியது. குடுவையைக் கழுவ ஆல்கஹால் ஊற்றினான், ஊதாவாகக் கரைந்தது. அதுதான் செயற்கைச் சாயத் தொழிலுக்கே பிள்ளையார் சுழி. பழங்காலத்தில் நல்ல ஊதா வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான கடல் நத்தைகளைக் கொல்ல வேண்டும். ராஜாக்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 1858இல் விக்டோரியா மகாராணி மகள் கல்யாணத்துக்கு இந்த ஊதாவில் உடுத்திக்கொண்டு வந்தார். பிறகு எல்லோருக்கும் அந்த நிறத்தின் மேல் பைத்தியம் பிடித்தது.

குயினைன் என்ன ஆயிற்று? 1860களில் சின்கோனாவை நம் நீலகிரிக்கே கொண்டுவந்து தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் நட்டார்கள். மரம் நம்மிடம் வந்தது, சாயம் அவர்களிடம் போனது.

1861இல் மெத்தில் வயலட் வந்தது. மலிவு, ஒரு சிட்டிகை போட்டால் ஒரு குடம் தண்ணீர் ஊதாவாகும். நீங்கள் அறிந்த பல பொருள்களில் இந்தக் குடும்பம்தான் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழில் குத்தும் ரப்பர் ஸ்டாம்பின் மை, வாய்ப்புண்ணுக்கு அம்மா தடவிய ஜென்ஷன் வயலட், அப்புறம் காப்பியிங் பென்சில். இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 1870களில் வந்தது. காரீயம் என்கிறோமே, அந்த கிராஃபைட்டோடு ஊதாச் சாயத்தைச் சேர்த்து அடைத்திருப்பார்கள். காய்ந்த தாளில் எழுதினால் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. அழிக்க முடியாது. எழுதிய தாளின் மேல் ஈர மென்தாளை வைத்து அழுத்தினால் நகல் கிடைக்கும். ஜெலட்டினும் கிளிசரினும் காய்ச்சித் தட்டில் ஊற்றி, ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒற்றி, பிறகு வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி நகல் எடுக்கும் முறையும் இருந்தது. எங்களுக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் கேள்வித்தாள் எடுத்த கதையைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒருமுறை பழைய சாமான் குவியலில் ஒரு காப்பியிங் பென்சில் கட்டை கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன். (அதே பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அது தனிப் பதிவு.)

தேர்தல் மையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதுவும் பூசும்போது ஊதாவாகத்தான் தெரியும். ஆனால் விரலில் நிற்பது அதிலுள்ள சில்வர் நைட்ரேட், வெளிச்சம் பட்டுக் கறுக்கும். 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரில் செய்து வருகிறது. எத்தனை தேர்தலில் எத்தனை விரலுக்கு அதைப் பூசியிருப்பேன்!

எழுதும் மையில் சுதேசிக் கதையும் உண்டு. 1931இல் பம்பாயில் தண்டேகர் குடும்பம் குதிரை மார்க் மைத்தூளும் மாத்திரையும் செய்து விற்றது. அதுதான் பின்னால் கேம்லின். 1934இல் வங்காளத்தில் சுலேகா வந்தது. அதற்கெல்லாம் முன்னால் நம்மவர்கள் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை வைத்திருந்தார்கள். அந்த மை எழுதியபின் கறுத்துக்கொண்டே போகும். ஊதாச் சாயம் நேர்மாறு, வெயில் பட்டால் வெளுத்துவிடும். என் பயிற்சிச் சான்றிதழைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன், கையெழுத்து திடமாக இருக்கிறது, முத்திரையைக் காணோம். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் ஊதா மை ஆகாது என்பதுதான் என் தீர்ப்பு.

இனி 1986. தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வு. பிள்ளைகளுக்கு நீலம் அல்லது கறுப்பு, எங்களுக்குச் சிவப்பு, தலைமையாசிரியருக்குப் பச்சை என்று விதி. ஒரு பையனின் சரித்திரத் தாள் ஒன்பது பக்கமும் ஊதாவில் இருந்தது. திருப்பும்போதெல்லாம் எழுத்து பச்சையும் பொன்னுமாக மின்னியது. பையன் அலங்காரம் பண்ணியிருக்கிறான் என்று எனக்குக் கோபம். “என்னடா, சினிமா நோட்டீஸா எழுதியிருக்கே?” என்றேன். “மை இல்ல டீச்சர்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். மை நிரப்ப மறந்ததற்குச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பு மையில் முழுத்தாளையும் குறுக்கே அடித்து ‘மீண்டும் எழுதுக’ என்று போட்டேன். மதிய இடைவேளையில் வராந்தாவில் நின்றுகொண்டே, பக்கத்துப் பையன் பேனாவில், ஒன்பது பக்கத்தையும் எழுதினான். சாப்பிட நேரம் இருந்திருக்காது. அதையும் நான் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். பையன் கை இன்னும் ஊதாவாக இருக்கிறதே, எதைத் தொட்டான் என்று நான்தான் கேட்டேன். அப்பாவுக்குப் பார்சல் ஆபீசில் சுமை தூக்கும் வேலையாம். அங்கே எழுதித் தீர்ந்து போட்ட காப்பியிங் பென்சில் கட்டைகளைப் பொறுக்கிவந்து, உள்ளிருப்பதைப் பொடித்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டிப் பேனாவில் ஊற்றியிருக்கிறான். வகுப்பில் எல்லோரிடமும் பத்துச் சொட்டு, இருபது சொட்டு என்று மை கடன் வாங்கிவிட்டதால் அந்த மாதம் அதற்குமேல் யாரும் தரவில்லையாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மகன் சாமர்த்தியமாகச் செய்தான் என்று சொன்னார்.

மறுநாள் ஒரு பாட்டில் நீல மை வாங்கி வகுப்பு அலமாரியில் வைத்தேன், யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவனுக்கென்று கொடுக்கவில்லை. கொடுக்க முகமில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

பேர் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் உனக்கே தெரியும். உன் தாளில் நான் பார்த்த அந்த ஒளியை இப்போது வெளிநாட்டில் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். நீ அதைப் பன்னிரண்டு வயதில் பொறுக்கிய கட்டையில் செய்தாய். அந்த அடித்த தாளுக்கு மதிப்பெண் நான் போடவே இல்லை. திருத்தியிருந்தால் 78ஆவது வந்திருக்கும்.

வெள்ளி மை பாட்டிலில் நாலைந்து சொட்டுதான் குறைந்திருக்கிறது. உனக்காக வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள், கூர்நிப்பு வேண்டாம், பட்டை நிப்புப் பேனா கொண்டு வா. நிரப்புவதற்கு முன்னால் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும்.