திருகோணமலையின் பெயரைச் சுமக்கும் சமண்டலை மரம்

எங்கள் ஊரின் பெயரிலேயே மர வணிகத்தில் ஒரு மரம் உண்டு. ஆங்கிலேயர் அதை ‘ட்ரிங்கோமலி வுட்’ என்றார்கள். நாங்கள் சமண்டலை என்போம். சாவண்டலை என்ற பெயரும் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல. தாவரவியல் பெயர் பெரியா கோர்டிபோலியா. சென்னையில் மருத்துவராக இருந்த அன்ட்ரூ பெரியின் நினைவாக ரொக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் இட்ட பெயரின் முற்பகுதி அது. பிற்பகுதிக்கு ‘இதய வடிவ இலை’ என்று பொருள்.

திருகோணமலையின் பெயரில் ‘மலை’ இருந்தாலும் இது மலைநாட்டு மரமல்ல. நுவரெலியாப் பக்கத்து முகில் காடுகளில் இதைத் தேட வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வாடைக்காற்று மழையை நம்பி, மீதி மாதங்களின் வறட்சியைத் தாங்கும் தாழ்நிலக் காடே இதன் இடம். பாலை, வீரை, முதிரை ஆகியவற்றோடு சேர்ந்து நிற்கும். தென்னிந்தியாவிலும் பர்மாவிலும் இது உண்டு.

அடையாளம் காண்பது எளிது. நீண்ட காம்பில் இதய வடிவ இலை. அடியிலிருந்து விரல்கள்போல் விரியும் நரம்புகள். கொத்துக் கொத்தாகச் சிறிய வெண்பூக்கள். காய் முற்றினால் பெரும்பாலும் 6 இறகுகள் விரிந்திருக்கும். காற்று அதைச் சுழற்றிக் கொண்டுபோகும். விதையில் உள்ள முரட்டு மயிர் தோலில் பட்டால் கடிக்கும். வெறுங்கையால் உடைக்க வேண்டாம்.

வைரம் கடுஞ்சிவப்பு. உறுதியானது, வளைந்து கொடுக்கும். அதனால் வண்டி, பீப்பாய், வள்ளம் எல்லாவற்றுக்கும் உதவியது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. அந்தப் படகுகளுக்கும் இந்த மரம் போனது. ஊரின் பெயர் மரத்தில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. சம்பூர்ப் பகுதி மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. அந்தப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் வளவைப் பார்க்கப் போனபோது, வீடு நின்ற இடத்தில் தொடையளவு பருமனில் இளமரங்கள் நின்றன. அவற்றில் சமண்டலையும் இருந்தது. “இது காடுதானே” என்றார் கூட வந்த ஒருவர். உறவினர் ஒன்றும் பேசவில்லை. பற்றையை விலக்கிக் கிணற்றுக் கட்டைக் காட்டினார்.

வடக்கு கிழக்கில் மீள்குடியேறிய பலருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. ஆளில்லாத ஆண்டுகளில் வளர்ந்ததைக் காட்டி, அந்தக் காணி காடாகக் கணக்கிடப்படுகிறது. காற்றில் விதை பரப்பும் மரம் கைவிட்ட முற்றத்துக்குள்ளும் வரும். ஆகவே இளஞ்சமண்டலை நிற்பது அங்கே முன்பு ஆட்கள் இருக்கவில்லை என்பதற்குச் சாட்சியல்ல. அதனருகில் நிற்கும் முதிர்ந்த மாவும் தென்னையும், கிணறும், சீமெந்துத் தளமும் யாரோ அங்கே வாழ்ந்ததைச் சொல்லும்.

துப்புரவாக்கும் முன் இவற்றைப் படம் எடுத்து, காணி உறுதி அல்லது ஒப்பத்தின் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். முடிந்தால் வேலியோரத்துச் சமண்டலை ஒன்றை விட்டுவையுங்கள். எங்கள் உறவினரும் ஒன்றை விட்டிருக்கிறார்.