ஓலையும் கல்லும்

நூல் என்பது சொல்லும் பொருளுமாம். ஆயினும் அஃது உலகில் நிலவுதற்கு ஏட்டையோ கல்லையோ பற்றுக்கோடாகக் கொள்ளுதல் வேண்டும். அப்பற்றுக்கோடு மாயாகாரியமாதலின் தோன்றி நின்று அழியும் இயல்பினது. திருமுறைகளின் வரலாறு இவ்வுண்மையை இனிது விளக்கும்.

பண்டைத் தமிழர் பெரிதும் எழுதியது பனையோலையிலேயாம். ஓலையின் ஈர்க்கைக் களைந்து, அளவுபட நறுக்கி, பதப்படுத்தி உலர்த்தி, துளையிட்டுக் கயிறு கோத்துச் சுவடியாக்குவர். இருப்பெழுத்தாணியாற் கீறிய எழுத்து விளங்குதற்பொருட்டு மையும் பச்சிலைச்சாறும் தடவுவர். புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போமென அஞ்சிப் புள்ளியின்றியே எழுதினர். அதனால் எகரமும் ஏகாரமும் வேறறியப்படாவாயின. காலும் ரகரமும் மயங்கின. பாடபேதங்கள் பலவற்றிற்கு இதுவே காரணம் என்க.

நீர், நெருப்பு, செல் என்னும் மூன்றும் ஓலைக்குப் பகையாவன. ஆளுடைய பிள்ளையார் மதுரையில் அனல்வாதத்திலிட்ட திருநள்ளாற்றுப் பதிக ஏடு வேகாது பச்சென்றிருந்ததும், வையையிலிட்ட திருப்பாசுர ஏடு நீரை எதிர்ந்து சென்றதும் பெரியபுராணத்துள் விரித்துரைக்கப்பட்டன. தீயும் புனலும் தம் இயல்பு மாறி நின்றன, திருவருளாணையால். எனினும் மூன்றாம் பகையாகிய செல்லைத் தடுக்கும் கடமை மக்கள்பாலே விடப்பட்டது போலும்.

அக்கடமை தவறியதன் பயனைத் திருமுறைகண்ட புராணத்துட் காணலாம். இராசராச அபயகுலசேகர மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையை அடைந்து, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்துப் பூட்டிய அறையைத் திறப்பித்தனர். ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை அகற்றி நோக்கியபோது பல ஏடுகள் செல்லரித்தொழிந்தமை கண்டு மன்னன் வருந்தினான். இக்காலத்துக்கு வேண்டுவன மட்டும் நிறுத்தினோம் என்னும் பொருள்பட அசரீரி எழுந்து அவனைத் தேற்றியது. எஞ்சியமை இறைவன் கருணை. அழிந்தவற்றிற்கோ, படியெடாது பூட்டிவைத்ததே காரணம். பூட்டுதல் வேறு, போற்றுதல் வேறு.

போற்றுதற்கு வழிகாட்டியவன் கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் நியமித்து, நாள்தோறும் ஒருவர்க்கு முக்குறுணி நெல் அளித்தமையை அங்குள்ள கல்வெட்டே கூறும். நாவினும் செவியினும் நின்ற பாடலைச் செல் அரிப்பதில்லை.

கல்லும் ஒருகால் ஏட்டின் குறையை நிரப்பிற்று. சோழநாட்டுத் திருவிடைவாய்க்குரிய சம்பந்தர் பதிகம் ஏடுகளிற் காணப்படாது மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தலத்துக் கோயிற் கல்வெட்டில் அது வெளிப்பட்டது. யாரோ ஓர் அன்பர் கல்லிற் பொறித்திலரேல், அப்பதிகம் இன்று ஓதுவார் நாவிற்கு எட்டாதாகும்.

1835-ஆம் ஆண்டில் நம் நாட்டார் அச்சுக்கூடம் நடத்துதற்கிருந்த தடை நீங்கியது. 1849-இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவினார். அதன்பின் தாள் ஓலையின் இடத்தைப் பெற்றது. தாளும் பழுப்பேறி நொறுங்கக் காண்கிறோம். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித்தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் திருப்பணியின் பெயரால் மணல்வீச்சுக்கு இலக்காகிக் கல்வெட்டெழுத்துத் தேய்வதும், பரணிற் கிடக்கும் சுவடி பொடியாவதும் துன்பம் தருவனவே.

ஆதலின் எப்பொருளும் தானே காவலாகாது. ஓலையைக் காத்தது படியெடுத்தவன் கை; கல்லைக் காப்பது திருப்பணி செய்வோன் கண்; பதிகத்தைக் காப்பது நாள்தோறும் ஓதும் நா. இம்மூன்றும் சோராதிருப்பின் சடப்பொருளின் அழிவால் திருமுறைக்குக் குறைவு நேராது. பொருள் வல்லதென்று நம்பி ஓய்ந்திருத்தல் சைவ நன்மக்கட்குப் பொருந்தாது.

திருச்சிற்றம்பலம்.