கன்னியர் மடமும் மருத்துவப் பட்டமும்

கத்தோலிக்கக் கன்னியர் என்றவுடன் அவர்கள் நடத்தும் பள்ளிகளும் அனாதை இல்லங்களும் மருத்துவமனைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1936ஆம் ஆண்டு வரை, கன்னியர் மருத்துவத் தொழில் புரிவதற்கும் பிள்ளைப்பேறு பார்ப்பதற்கும் அவர்தம் திருச்சபையின் சட்டமே தடையாக நின்றது என்பதை நம் இளைஞர் பலர் அறிந்திரார். அத்தடை அகன்ற வரலாறு நாம் அறிய வேண்டியதொன்றாகும்.

அந்நாளைய இராவல்பிண்டியில் (இன்று அது பாகிஸ்தானில் உள்ளது) திரைக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்ட மாட்டார்கள். பேறுகாலத்தில் இடர் நேரின் தாயும் சேயும் மாள்வதே வழக்கமாயிருந்தது. பரிவுடன் அருகே அமர்ந்து செபிக்கக் கன்னியர் இருந்தனர். உதிரப்போக்கை நிறுத்தும் கல்விதான் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் இக்கொடுமையை உணர்ந்தார். இவரே 1878இல் பிரான்சின் மான்பெலியே நகருக்குச் சென்று பட்டம் பெற்றவர். எழுபது வயது கடந்த பின்னர் இராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழ வழிசெய்தார். கன்னியரை மருத்துவராக அனுமதிக்குமாறு உரோமைக்குப் பன்முறை விண்ணப்பித்தார். பயன் காணாமலே 1913இல் மறைந்தார்.

ஏடுகளின் விதியைக் காட்டி நம் முன்னோரைக் கல்விச்சாலையின் வாயிலிலேயே நிறுத்திய நாடு இது. விதியை மாற்றுங்கள் என்று மீண்டும் மீண்டும் கதவைத் தட்டிய அம்முதியவரின் உள்ளம் நமக்கு எளிதில் விளங்கும்.

அவரைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டை 1915இல் ஆஸ்திரேலியாவில் படித்தார் டாக்டர் மேரி குளோரி. மெல்போர்ன் நகரில் நற்பெயருடன் தொழில் புரிந்து வந்த அவர், மகப்பேறு, கண் மருத்துவம் முதலியவற்றில் 1919இல் உயர் பட்டமும் பெற்றார். மறு ஆண்டே அனைத்தையும் துறந்து ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அளித்த தனி அனுமதியால் கன்னியராகவும் மருத்துவராகவும் ஒருங்கே பணியாற்றினார். 1957இல் பெங்களூரில் உயிர் நீக்கும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை. உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சியராகவும் பயிற்றுவித்ததையே அவருடைய பணிகளுள் தலையாயதாக நாம் கருதுகிறோம். வந்தவர் மறைந்தாலும் கற்றவர் ஊரிலேயே இருப்பார் அல்லவா?

ஒருவருக்குக் கிடைத்த அனுமதி எல்லோருக்கும் உரிய உரிமையாகி விடாது. மக்லாரனின் தூண்டுதலால் மருத்துவம் பயின்ற ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அன்னா டெங்கல் 1920 முதல் இராவல்பிண்டியில் பணியாற்றிய பின், 1925இல் வாஷிங்டனில் மருத்துவ மறைபணிக் கன்னியர் சபையை நிறுவினார். தடை நீடித்தமையால் மற்றக் கன்னியரைப் போல் அவர்கள் பகிரங்க வார்த்தைப்பாடு எடுக்க இயலவில்லை. பெயருக்குக் கன்னியராகாமலே பதினோராண்டுகள் பணி செய்தனர். 1936 பிப்ரவரியில் உரோமை இணங்கியது.

குளோரி அம்மையார் 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கனவு. 1963இல் பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கன்னியருக்கென இடங்கள் ஒதுக்கும் வழக்கம் அங்கு உண்டு; இடஒதுக்கீட்டின் அருமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அங்குப் பட்டம் பெறுவோர் சிற்றூர் மருத்துவமனைகளில் ஈராண்டு பணி புரிவதும் முறையாக உள்ளது.