மைதான நோட்டும் கணினியும்



நம் ஊர் மைதானத்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்பதை இனிமேல் கணினியில் பதியலாமா, பழையபடி நோட்டிலேயே எழுதலாமா என்று முன்னாள் மாணவர் குழுவில் ஒரு வாரமாக விவாதம். "அந்த நோட்டை வைத்திருந்தவர் நீங்கள்தானே, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் சார்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். வாத்தியார் புத்தி போகாது, அதனால் முதலில் கொஞ்சம் வரலாறு.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் தாமஸ் கிர்க்மன் என்றொரு பாதிரியார் இருந்தார். கணக்கில் தீராத ஆர்வம். 1850-இல் ஓர் ஆண்டிதழில் ஒரு புதிர் வெளியிட்டார். ஒரு பள்ளியில் 15 மாணவிகள். தினமும் மூன்று மூன்று பேராக வரிசையில் நடந்து போகிறார்கள். ஏழு நாளில் எந்த இரண்டு பேரும் மறுபடி ஒரே வரிசையில் சேராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். செய்ய முடியும்; வீட்டில் காகிதமும் பென்சிலும் எடுத்து முயன்று பாருங்கள். ஒருவரும் விடுபடாமல் முறை வைப்பதே ஒரு கணக்கு என்பதை எனக்கு உணர்த்திய புதிர் அது.

நம் பி.டி. வாத்தியார்கள் போடும் லீக் ஃபிக்சரும் இதற்கு உறவுதான். எட்டு அணி என்றால் ஓர் அணியை அசையாமல் நிறுத்திவிட்டு, மற்ற ஏழையும் கடிகாரம் சுற்றுவதுபோல ஒவ்வோர் இடமாக நகர்த்த வேண்டும். ஏழு சுற்றில் 28 ஆட்டமும் முடிந்துவிடும். இதற்குக் கணினி வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும்.

மனிதர்களின் தேவைகள் உள்ளே வரும்போதுதான் சிக்கல். இங்கிலாந்தின் கால்பந்து லீக் 1888-இல் 12 அணிகளோடு தொடங்கியது. பிற்பாடு சார்லஸ் சட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் பல ஆண்டுகள் அதன் அட்டவணையைக் கையாலேயே போட்டார். இன்று மேல் நான்கு பிரிவுகளில் 92 அணிகள், ஒரு பருவத்துக்கு 2,036 ஆட்டங்கள். ஒரே ஊர் அணிகளான லிவர்பூலும் எவர்டனும் ஒரே நாளில் சொந்த மைதானத்தில் ஆடினால் போலீசால் சமாளிக்க முடியாது. அதனால் இப்போது கணினி போடுகிறது. ஆனாலும் எந்தத் தேதி ஒத்துவராது என்று கிளப்புகளிடம் முன்கூட்டியே கேட்கிறார்கள். போட்டு முடித்த பிறகும் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள்.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதை. 1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை ஸ்டீபன்சன் தம்பதி, ஹென்றியும் ஹாலியும், வீட்டிலிருந்தே அட்டவணை போட்டார்கள். கணினி துணைக்கு இருந்தது, முடிவு அவர்களுடையது. அதன்பிறகு கணித வல்லுநர்களின் ஒரு சிறு நிறுவனம் அந்த வேலையைப் பெற்றது.

இனி நம் கதைக்கு வருகிறேன். விவாதம் தொடங்கியதும் பரணிலிருந்து 1998-ஆம் வருட நோட்டை எடுத்தேன். மாலை 5 மணி முதல் 6.30 வரைதான் எல்லாரும் கேட்கும் நேரம், உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று முதல்முறையாகக் கூட்டிப் பார்த்தேன். 24 வாரத்தில் கிரிக்கெட் பையன்களுக்கு 51 முறை. கால்பந்துக்கு 38. பெண் பிள்ளைகளின் த்ரோபால் அணிக்கு மூன்றே முறை.

அந்தப் பிள்ளைகள் கேட்காமல் இல்லை. "இருட்டிடும்மா, காலையில வந்து ஆடுங்க" என்று சொல்லி அனுப்பியது நான்தான். அக்கறையோடு சொல்வதாகத்தான் நினைத்தேன். காலையில் அவர்களுக்கு வீட்டில் தண்ணீர் பிடிக்கும் வேலை இருக்கும் என்று யோசிக்கவில்லை. இரண்டாம் வருடம் அந்த அணியே கலைந்துவிட்டது. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அந்த அணியில் இருந்தவர்கள் இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள் அம்மா.

நோட்டு பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சரியாகவே எழுதியிருக்கிறேன். கூட்டிப் பார்க்க 27 வருடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். கணினியாக இருந்தால் மாதம் முடிந்ததும் காட்டியிருக்கும். அதனால் என் வாக்கு கணினிக்கு.

ஆனால் முதலில் பதிபவருக்கே இடம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம் நல்ல போன் உள்ளவர்கள் மாலை நேரம் முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள். செங்கல் சூளைத் தெருப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் இருட்டைக் காரணம் சொன்னேன், கணினி "இடம் இல்லை" என்று சொல்லும். விரட்டப்படும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே மூன்று விதி. வாரத்தில் இரண்டு மாலை பெண் பிள்ளைகளுக்கு, விளக்கு வசதியோடு. வாரம் ஒரு மாலை போன் இல்லாதவர்கள் நேரில் வந்து பெயர் கொடுக்க. மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை முறை கிடைத்தது என்ற கணக்கு மைதானச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவருகிறேன். நீங்களும் கூட்டிப் பாருங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் திருத்துங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.